தொட்டால் நிமிரும் தோட்டம்

சத்தியமங்கலத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் கடைசியாக நனைத்துவிட்டுப் போகும் பூவாத்தாபாளையத்தில், மல்லிகைச் செடிகளெல்லாம் ஒரு கூந்தல் தைல விளம்பரத்துக்குக் கட்டுப்பட்டு நடக்க ஆரம்பித்தது பொங்கல் முடிந்த கையோடுதான். அதற்காக ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. மழை பொய்த்ததையும் மின்சாரம் போனதையும் பூ விலை விழுந்ததையும் பார்த்துப் பழகிய சனங்களுக்கு இது இன்னொரு தொந்தரவு, அவ்வளவே. வாயைப் பிளந்தவள் கோயம்புத்தூரில் குளிரூட்டிய அறைக்குள் உட்கார்ந்திருந்த இந்திராணி ஒருத்திதான், அதுவும் ஆச்சரியத்தில் அல்ல, பயத்தில்.

இந்திராணி அந்த ஊரில் பிறந்தவள். செல்போன் விளையாட்டுகள் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் படம் வரைவதும் விதிகள் அமைப்பதும் அவள் வேலை. சென்னையில் முகில்வேணி கூந்தல் தைலம் என்று ஒரு கம்பெனி. புட்டியில் மல்லிகைப் பந்தலே போட்டு விற்கிற அந்தத் தைலத்தில் மருந்துக்குக்கூட ஒரு பூ கிடையாது, எல்லாம் பீப்பாயில் வந்திறங்கும் வாசனைச் சரக்கு. அந்தப் புண்ணியவான்களுக்கு ஒரு ஆன்லைன் தோட்டம் வேண்டியிருந்தது. ஆடுகிறவர்கள் செல்போனில் மல்லிகை வளர்ப்பார்கள், செடியை விரலால் தொட்டால் தண்ணீர் பாயும், நாலு மணி நேரம் தொடாவிட்டால் செடி தலையைத் தொங்கப்போடும், உடனே செல்போன் சிணுங்கி ‘உங்கள் மல்லி வாடுகிறது’ என்று கூப்பிடும், மொக்கு வைக்க வேண்டுமென்றால் முகில்வேணி விளம்பரத்தை முழுசாகப் பார்த்தாக வேண்டும், பாதியில் நிறுத்தினால் மொக்கு கிடையாது.

இந்தத் தொழிலில் செடி கொடியெல்லாம் எவனோ எங்கோ வரைந்து வைத்ததை இறக்கிக்கொண்டு நிறத்தை மாற்றி ஒட்டுவதுதான் வழக்கம். இந்திராணிக்கு அது பிடிக்கவில்லை. தன் ஊர் மல்லியை நாடே பார்க்கட்டும் என்ற ஒரு திமிர். லீவு போட்டுத் தம்பி சென்னியப்பன் தோட்டத்துக்குப் போய், வெயிலில் உட்கார்ந்து, ஒவ்வொரு செடியாக வரைந்தாள். ஆடு கடித்துக் கோணலாகிப்போன செடி, தம்பி பெண்டாட்டி சுலோச்சனா கந்தல் துணி சுற்றி முட்டுக்கொடுத்த செடி, பக்கத்துப் பூக்காடுகள், வாய்க்கால் மேட்டு முருங்கை என்று ஊர் மொத்தத்தையும் அச்சுப் பிசகாமல் இறக்கினாள். வரையலாமா என்று அவள் யாரையும் கேட்கவில்லை. யாரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை; சென்னியப்பன் சிரித்துக்கொண்டே இளநீர் வெட்டிக் கொடுத்தான்.

விளையாட்டு வெளியான அன்று முற்பகலில் அவன் போனில் கூப்பிட்டான்.

“அக்கா, செடியெல்லாம் தொங்கிப்போச்சுங்க. நேத்துத்தான் தண்ணி கட்டுனேன். பூச்சியுமில்ல, ஒரு மண்ணுமில்ல. சுலோ என்னமோ ஏதோன்னு ஒண்ணத் தொட்டுப் பார்த்தா, தொட்டதும் வெடுக்குனு எந்திரிச்சு நிக்குது. என்ன பண்ணோணுமுங்க?”

இந்திராணியின் திரையில் அதே நேரத்தில், அதே கோணல் செடி, தலையைத் தொங்கப்போட்டு நின்றது.

“எல்லாத்தையும் தொடு, சாமி,” என்றாள். “ஊர்லயும் சொல்லிரு. நாலு மணி நேரத்துக்கு ஒருக்காத் தொடோணும்.”

“எத்தன நாளைக்குங்க?”



ஊர் தொட்டது. விடிந்தால் தொட்டது, சோறு வேகும்போது தொட்டது, சாமத்தில் டார்ச் லைட்டோடு போய்த் தொட்டது. மாரியம்மன் கோயில் மணிதான் இனி தொடுகிற நேரத்துக்கு மணி என்று பேசி முடித்து, மணியடிக்க ஆள் முறை வைத்தார்கள். கல்யாணம் வைப்பவர்கள் முகூர்த்தத்தை இரண்டு மணிச் சத்தத்துக்கு நடுவே பார்த்து வைத்தார்கள், அப்படியும் நேரம் தள்ளிப்போன ஒரு கல்யாணத்தில் கழுத்தில் தாலி ஏறின ஈரத்தோடு பெண்ணும் மாப்பிள்ளையும் பட்டுச் சரசரக்கக் காட்டுக்கு ஓடித் தொட்டுவிட்டு வந்துதான் பந்தியில் உட்கார்ந்தார்கள். எழவு வீட்டில் ஒப்பாரி வைத்தவர்கள் பாதியில் எழுந்து போய்த் தொட்டுவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து அழுதார்கள். இதுவரை ஒரு வேலைக்கும் ஆகாதவர்கள் என்று பெயரெடுத்திருந்த குடிகாரர்களுக்குக்கூட மவுசு வந்தது, ராத்திரி விழித்திருப்பது அவர்களுக்குப் பழக்கம் அல்லவா. அசலூருக்குப் பெண் கொடுத்தவர்கள் மகள் வீட்டில் ஒரு நாள் தங்குவதை விட்டார்கள். பிறகு யாரும் எங்கும் போவதையே விட்டார்கள்.

செடி நிமிர்ந்ததே தவிர மொக்கு வரவில்லை. பூவாத்தாபாளையத்து மல்லி சந்தைக்கு வராமல் வியாபாரிகள் வேறு ஊர் தேடிப்போன அந்த நாட்களில், சுலோச்சனா தூக்கக் கலக்கத்தில் செடி செடியாகத் தொட்டுக்கொண்டே டீவியில் கேட்டதை வாய்க்குள் முனகிக்கொண்டு போனாள்:

*முகில்வேணி முகில்வேணி
முடிக்கு முடி மகாராணி
அள்ளி வைச்ச மல்லி மணம்
ஆயுள் முழுக்க உன் வசம்*

முனகி முடித்துத் திரும்பிப் பார்த்தால், அவள் நடந்து வந்த வரிசை மட்டும் மொக்காக மொக்காக நிற்கிறது.

அன்றிலிருந்து ஊர் பாடியது. ஒலிபெருக்கி கட்டிப் பார்த்தார்கள், செடிகள் அதை மதிக்கவில்லை. மனுஷ வாயால், கிட்ட நின்று, நாலு வரியும் பாட வேண்டியிருந்தது. இருமல் வந்து நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து பாட வேண்டியிருந்தது. பூப்பறிக்கிற பெண்கள் மொட்டைத்தலைப் பாட்டு என்று அதற்குப் பேர் வைத்தார்கள், ஏனென்றால் பாடிப் பாடி அவர்களுக்குத்தான் முடி கொட்டியது. பள்ளிக்கூடத்து வாத்தியார் அலுப்புத் தெரியாமலிருக்க மெட்டை மாற்றிக் கொடுத்தார். பூசாரி கற்பூரம் காட்டி முடித்ததும் திருநீறு கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை பாடினார், கேட்டால் அம்மன் சந்நிதியில் ஒரு நந்தியாவட்டை இருக்கிறதே, அதுவும் இந்த ஊர்ச் செடிதானே என்றார். பேசப் பழகும் குழந்தைகளுக்கு அம்மா வருவதற்கு முன்னால் முகில்வேணி வந்தது.

வேளாண்மை அதிகாரி ஒருவர் வந்தார். வாடல் நோய் என்று எழுதி மருந்தடிக்கச் சொல்லிவிட்டு, கிளம்பும்போது தன் கைக்கு எட்டிய இரண்டு செடியைத் தானும் தொட்டுவிட்டுப் போனார். அரசாங்கம் அந்த ஊருக்குச் செய்த உதவி அந்த இரண்டு செடிதான்.

விஷயம் கேள்விப்பட்டு முகில்வேணிக்காரர்கள் ஓடிவந்தார்கள், மன்னிப்புக் கேட்க அல்ல, வீடியோ எடுக்க. விளம்பரப் பிரிவுத் தலைவர் கிரிதரன் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வரப்பில் இறங்கினார். அவருக்கும் இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை; உலகம் தன் பாட்டைத்தான் பாட வேண்டும் என்று எப்போதும் நினைத்திருந்தவர். ஊர் முகப்பில் ‘முகில்வேணி கிராமம்’ என்று பலகை நட்டார்கள், ஆளுக்கொரு தொப்பியும் சின்னப் புட்டியும் கொடுத்தார்கள். கிரிதரனை மல்லிக்கு நடுவே நிறுத்தி முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை என்று சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்து நின்ற இந்திராணியிடம் அவர் பூரித்துப்போய்ச் சொன்னார்:

“பாருங்க இந்திராணி, ஒரு பைசா கேக்காம எவ்வளவு அன்பா பாடறாங்க! இதெல்லாம் எந்த ஏஜென்சியாலயும் பண்ண முடியாது.”

கண்ணெல்லாம் சிவந்து, தாடியில் மண்ணோடு சென்னியப்பன் அவர் முன்னால் போய்த் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். தம்பி யார் முன்னாலும் துண்டை எடுத்து இந்திராணி பார்த்ததில்லை.

“சார், அந்த நாலு மணி நேரத்த எட்டு மணி நேரமா ஆக்கி உட்டீங்கன்னா, நாங்க ஒரு தூக்கம் தூங்கி எந்திரிச்சுக்குவமுங்க. வேற ஒண்ணும் கேக்கல.”

“ப்ரோ, அந்த நாலு மணி நேரம்தான் நம்ம கேமோட உயிரே. ஜனங்க திரும்பத் திரும்ப வரணும் இல்ல?”

“நாங்க எங்கீங்க போறோம், திரும்பி வர்றதுக்கு?”

கிரிதரன் அவன் தோளில் தட்டிக் கொடுத்தார், அதையும் படம் பிடித்தார்கள். இந்திராணி பக்கத்தில்தான் நின்றாள். அந்த நாலு என்ற எண்ணைத் தட்டி வைத்தவளே அவள்தான். கணினியில் அதை அழித்து எட்டு என்று போட அவளால் முடியும். ஆனால் வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது என்பது கம்பெனி விதி. மீறினால் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆகவே அவள் மெயில் எழுதினாள். பணிவாக எழுதினாள், விளக்கமாக எழுதினாள், வாடிய செடியின் படம் சேர்த்து எழுதினாள். ‘கவனத்தில் கொள்கிறோம்’ என்று பதில் வரும். தம்பி கேட்டால், “என் கையில இல்ல, கண்ணு. எழுதிட்டேதான் இருக்கேன்,” என்பாள். அவன் நம்பினான், அக்கா பொய் சொல்ல மாட்டாள் என்று.

கவனத்தில் கொண்ட லட்சணம் ஆயுத பூஜை சமயத்தில் தெரிந்தது. பண்டிகைக் காலத்தில் ஆட்கள் இன்னும் அடிக்கடி உள்ளே வர வேண்டும், வாடுகிற நேரத்தைப் பாதியாக்குங்கள் என்று கிரிதரன் உத்தரவு போட்டார். இந்த உத்தரவுக்கு மட்டும் அனுமதி மெயில் முந்திக்கொண்டு வந்தது. இந்திராணி தன் விரலால்தான் அதை மாற்றினாள், மாற்றிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுது என்ன பிரயோசனம்? அங்கே ஊரில் பாதிக் காடு கருகிப்போனது. தொடுகிற ஆளுக்கும் செடிக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. சுலோச்சனா செடியைத் தொட்ட கையோடு நின்றபடியே தூங்கி, வாய்க்காலுக்குள் சரிந்து, இடது கையை உடைத்துக்கொண்டாள். புத்தூர்க் கட்டுப் போட்டு வந்த அன்றே காட்டுக்குள் இறங்கினாள்.

“வீட்டுல இரு, புள்ள,” என்று இந்திராணி போனில் கெஞ்சினாள்.

“அதுக்கென்னுங்க, தொடறதுக்கு இன்னொரு கை இருக்குதில்ல,” என்றாள் சுலோச்சனா. அவள் குரலில் கோபம்கூட இல்லை, கோபப்படுவதற்கும் தூங்கி எழுந்த உடம்பு வேண்டும்.

ஐப்பசி பிறந்ததும் இந்திராணியைச் சென்னைக்கு அழைத்தார்கள். கண்ணாடி அறை, முந்திரி பிஸ்கட், சுவரெல்லாம் ஏறுமுகமான வரைபடங்கள். கிரிதரன் கை குலுக்கினார்.

“எக்ஸலண்ட்! டார்கெட் எல்லாம் தாண்டியாச்சு. தீபாவளியோட கேம்பெய்ன் முடியுது. சர்வரை ஆஃப் பண்ணிடலாம்.”

முன்னொரு நாள் பராமரிப்புக்காக அந்த சர்வரைக் கொஞ்ச நேரம் நிறுத்தியபோது, பூவாத்தாபாளையத்தில் செடிகள் மொத்தமாக மண்ணில் படுத்துவிட்டன, தொட்டும் எழவில்லை, பாடியும் எழவில்லை. திரும்ப ஓடவிட்ட பிறகுதான் எழுந்தன. அதை இந்திராணி சொன்னாள். ஆஃப் செய்தால் தம்பி தோட்டம் போய்விடும், ஊரே போய்விடும், அந்த மண்ணை விட்டால் அவர்களுக்கு வேறு கதி இல்லை என்று சொன்னாள்.

கிரிதரன் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “இந்திராணி, அது உங்க ஊர்ப் பிரச்சினை. நம்ம ப்ராஜெக்ட் ஸ்கோப்ல அது இல்லவே இல்லையே,” என்றார், முந்திரி பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

காலில் இருந்ததைக் கழற்றி அந்தத் தட்டில் வைக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. சனங்கள் தூக்கத்தை விற்று, தொண்டையை விற்று, கையை முறித்துக்கொண்டு இவனுடைய வரைபடத்தை மேலே தூக்கிவிட்டிருக்கிறார்கள், இவன் அவர்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஆனால் அவள் செருப்பைக் கழற்றவில்லை, சிரித்தாள்.

“சார், கடைசி அப்டேட்ல உங்களையே தோட்டத்துல நிறுத்தலாமா? காவல் பொம்மையா. தீபாவளி ஸ்பெஷல்.”

கிரிதரன் முகத்தில் மத்தாப்பு கொளுத்தியது மாதிரி இருந்தது. இதற்கு மட்டும் யோசிக்க அவகாசம் கேட்கவில்லை.

வீடியோக்காரர்கள் சுற்றிச் சுற்றி எடுத்த படங்களை வைத்துக்கொண்டு, அன்றைக்குத் தம்பி தோட்டத்தை வரைந்த அதே சிரத்தையோடு, இந்திராணி அவரை வரைந்தாள். காதுக்குக் கீழே மரு, ஒரு பக்கம் இறங்கிய தோள், வெள்ளை ஷூ, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, ஒன்றைக்கூட விடவில்லை. பார்த்துவிட்டு அவர் உற்சாகமாக ஒப்புதல் மெயில் அனுப்பினார், தொப்பையை மட்டும் கொஞ்சம் குறைக்கலாமே என்று கேட்டிருந்தார். இந்திராணி குறைக்கவில்லை. உள்ளது உள்ளபடி இருந்தால்தான் பலிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அப்டேட் ஏறின காலையில், விற்பனைக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்த கிரிதரன் தலை தொங்கி மேசைமேல் சரிந்தார். எல்லாரும் பதறினார்கள். டீ கொண்டுவந்த பெண்மணி தற்செயலாகத் தோளில் கை வைத்ததும் வெடுக்கென்று நிமிர்ந்து, விட்ட வாக்கியத்திலிருந்து பேசினார். அடுத்த இரண்டு மணி நேரத்தில் மறுபடி சரிந்தார். அந்த அலுவலகமும் சட்டென்று பழகிக்கொண்டது: தொடுவதற்கு முறை வைத்து ஆட்களைப் போட்டார்கள், லிஃப்ட்டில் ஒருவர் கூடவே போனார். சேதி கேட்டு ஓடிவந்த அவர் மனைவி ஒரு தடவை தொட்டுவிட்டு, இது தனக்குத் தோதுப்படாது என்று அம்மா வீட்டுக்குக் கிளம்பினார். மத்தியானம் கிரிதரனுக்குப் பசியே எடுக்கவில்லை. யாராவது கிட்ட நின்று விளம்பரப் பாட்டை முழுசாகப் பாடினால்தான் எடுக்கும் என்று கண்டுபிடித்துப் பாட வந்தால், முகில்வேணி கம்பெனி ஆட்களில் ஒருத்தருக்கும் நாலு வரி தெரியவில்லை. பூவாத்தாபாளையத்து வீடியோவைப் போட்டுப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள்.

சாயங்காலத்துக்குள் போன் வந்தது.

“இந்திராணி, அந்த டைமரைத் தூக்குங்க. பாட்டையும் தூக்குங்க. இப்பவே!”

“அப்ரூவல் மெயில் அனுப்புங்க சார்.”

“நான்தான் வாயால சொல்றேனே!”

“மெயில் சார்.”

மெயில் வந்தது. இந்திராணி அந்த எண்ணையும் பாட்டு விதியையும் அழித்தாள்.

“சர்வர் சார்? தீபாவளியோட நிறுத்தணும்னு சொன்னீங்களே.”

“அதை யாரும் தொடக் கூடாது! நான் இருக்கிற வரைக்கும் ஓடட்டும். எனக்கப்புறமும் ஓடட்டும்.”

அவ்வளவுதான் வேலை. ஒரு ஊரே துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு கெஞ்சியபோது கம்பெனியின் உயிராக இருந்த எண், ஒரே ஒரு ஆளுடைய கழுத்து தொங்கியதும் ஒன்றுமில்லாமல் போனது. சொல்லும்போதே நாக்குக் கசக்கிறது.

மறுநாள் இந்திராணி இனிப்புப் பெட்டியோடு ஊருக்குப் போனாள். மத்தியானப் பொழுது. பூவாத்தாபாளையம் மொத்தமும் தூங்கிக்கொண்டிருந்தது. பஸ் நிழற்குடையில் தூங்கியது, உலை வைக்காத அடுப்படியில் தூங்கியது, கோயில் மணிக்கயிற்றைப் பிடித்தபடி மணியடிக்கிற ஆள் தூங்கினான், பூசாரி அம்மன் நடையிலேயே குறுக்கே படுத்துத் தூங்கினார், மாடுகள் அவிழ்த்துக்கொண்டு நடுரோட்டில் தூங்கின, தொட்டிலில் கிடந்த குழந்தைகள் விழித்திருந்தும் சத்தம் போடாமல் தங்கள் அம்மாமார் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. காடுகளில் மிஞ்சிய மல்லி, யாரும் தொடாமல், யாரும் பாடாமல், தானாக நின்றது.

சென்னியப்பன் ஒருத்தன்தான் விழித்திருந்தான். முருங்கை நிழலில் சுலோச்சனா கட்டுப் போட்ட கையோடு தூங்க, அவன் பக்கத்தில் உட்கார்ந்து செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்திராணி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கிரிதரன் சரிந்ததை, டீக்காரம்மாவை, பாட்டுக் கற்றுக்கொண்டதை. தம்பி வாய்விட்டுச் சிரிப்பான் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். அவன் சிரிக்கவில்லை.

“ஏனுங்க்கா, அத மாத்தறதுக்கு எவ்வளவு நேரமாச்சு?”

“ஒரு நிமிஷம்கூட ஆகல, சாமி.”

“ஆரு மாத்துனது?”

“நான்தான்.”

“பொங்கலப்பவே உங்களால மாத்தியிருக்க முடியுமுங்களா?”

“அப்ப அவங்க அனுமதி குடுக்கல.”

“நான் அதக் கேக்கலீங்க. முடியுமான்னு கேட்டேன்.”

இந்திராணி இனிப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, “முடியும்,” என்றாள்.

சென்னியப்பன் சுலோச்சனாவின் உடைந்த கையை மெதுவாகத் தூக்கித் தன் துண்டின் மேல் வைத்தான்.

“அவன் ஒரு பகல் வாடுனதுக்குப் பொறுக்கல. நாங்க பத்து மாசம் வாடுனோம், நீங்க மெயில் எழுதிட்டிருந்தீங்க,” என்றான். “எங்களத் தூங்க விடுங்க்கா.”

பெண்டாட்டி பக்கமாகத் திரும்பிப் படுத்தான், படுத்த உடனே தூங்கிப்போனான். இந்திராணி எழுந்து வரப்பில் நின்றாள். உச்சி வெயில் அடித்தது. எதிரி வந்தாலும் வாங்க என்று சொல்லித் தண்ணீர்ச் செம்பை நீட்டும் அந்த ஊரில், அவளை வாங்க என்று சொல்ல ஒருத்தரும் விழித்திருக்கவில்லை.